அப்பாவின் பொய்த் தூக்கம்

ஜனவரி நான்காம் தேதி ஸ்வேயா நியூசிலாந்துக்கு விமானம் ஏறுகிறாள். பத்தொன்பது வயது. முதலில் ஒரு வருஷம் என்றுதான் சொன்னாள். போன வாரம் அது "பாத்துக்கலாம்" என்று மாறிவிட்டது. அந்தப் "பாத்துக்கலாம்" அவள் அப்பா ஹோகனின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

குளிர்கால விளக்குத் திருநாளான லூசியா விடுமுறைக்கு ஆண்டுதோறும் அவர்கள் சில்யான் ஏரிக்கரையில் அதே மரவீட்டைத்தான் வாடகைக்கு எடுப்பார்கள். டிசம்பர் பதிமூன்றாம் தேதி காலையில், வெளியே கும்மிருட்டாக இருக்கும்போதே, ஸ்வேயா வெள்ளை அங்கி போட்டு, தலையில் விளக்குக் கிரீடம் வைத்து, காப்பியும் குங்குமப்பூ பன்னும் ஏந்திப் பாடிக்கொண்டே மாடியேறி வந்து பெற்றவர்களை எழுப்புவாள். ஆறு வயதில் ஆரம்பித்தது, ஒரு வருஷம் தப்பியதில்லை. பெற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாட்டு காதில் விழும்வரை தூங்க வேண்டும், தூக்கம் வராவிட்டால் தூங்குகிற மாதிரி கிடக்க வேண்டும். கீழே பாத்திரம் பண்டமெல்லாம் உருண்டாலும் கண்ணைத் திறக்கக் கூடாது. நாட்டில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அன்று செவிடர்கள்தான்.

இந்த வருஷம் வருவாளா? நேராகக் கேட்க ஹோகனுக்குக் கூச்சம். முந்தின நாள் சாப்பிடும்போது ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்.

"பன் ஏதாவது இருக்கா?"

"ஃப்ரீசர்ல இருக்கு. பசிச்சா சூடு பண்ணிக்கோப்பா" என்றாள் ஸ்வேயா, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மனைவி மாரித்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பல்லு புடுங்கப் போறவன் மாதிரி ஏன்யா நெளியுற? நேரா கேட்டுத் தொலையேன்."

"நான் பன்னத்தானே கேட்டேன்?"

"போன வருஷம் ஒரு குறட்டை விட்டியே, பன்னி எதுவும் உள்ள வந்துருச்சோன்னு நெனச்சேன்" என்றாள் ஸ்வேயா. "சிரிப்புல எனக்குப் பாட்டே வரல. உனக்கு நடிக்கத் தெரியலப்பா."

வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் ஒழுங்காக நடிப்பது என்று ஹோகன் முடிவு செய்துகொண்டார்.

காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் மாரித் நிஜமாகவே தூங்கினாள். அவளைத் தூக்கிப் பனியில் போட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். ஆறு மணிக்குக் கீழே அடுப்புக் கதவு திறக்கும் சத்தம். பிறகு காப்பி வாசனை. வருகிறாள். ஹோகனின் கண்ணோரம் ஈரமானது. தூங்குகிறவன் எப்படிக் கண்ணைத் துடைப்பான்? அப்படியே கிடந்தார்.

படியில் காலடி கேட்டது. வழக்கமாக ஏழாவது படியில் பாட்டு ஆரம்பிக்கும், இன்று ஆரம்பிக்கவில்லை. கதவு திறந்தது. மூடிய இமைமேல் வெளிச்சம் விழுந்தது. தாடையைத் தளர்த்தி வாயை லேசாகத் திறந்து, மூச்சை நிதானமாக இழுத்து விட்டார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

"பாவம், நேத்து பூரா வண்டி ஓட்டினாரு" என்று ஸ்வேயா தனக்குள் சொல்லிக்கொள்வது கேட்டது. "தூங்கட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. வெளிச்சம் படியிறங்கிப் போயிற்று.

கூப்பிட்டிருக்கலாம். பாட்டு கேட்காமல் கண் திறக்கக் கூடாது என்ற பழக்கம் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. கொஞ்ச நேரம் மரக்கட்டையாகக் கிடந்தார். பிறகு, பழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று எழுந்து கம்பளிக் காலுறையோடு கீழே போனார்.

ஸ்வேயா கிரீடத்தைக் கழற்றாமல் ஜன்னலைப் பார்த்துத் தனியாக பன் தின்றுகொண்டிருந்தாள்.

"எழுந்துட்டியா? படியேறும்போதே குறட்டை கேக்கல, நல்லா தூங்குனியேன்னு விட்டுட்டேன்."

"தூங்கல."

"சும்மா சொல்லாத. வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்த."

"நடிச்சேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நான் தூங்குனதில்ல கண்ணு. நீ அடுப்பப் பத்த வெக்கிறதுலேருந்து கேட்டுக்கிட்டே கெடப்பேன். ஆறு வயசுல ஏழாவது படியில காப்பியக் கொட்டிட்டு, சாக்ஸக் கழட்டித் தொடச்சியே, அதையும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

ஸ்வேயா பன்னைக் கீழே வைத்தாள். "அப்பவே எழுந்து வந்திருக்கலாம்ல? எவ்ளோ பயந்தேன் தெரியுமா?"

"நான் கீழ வந்திருந்தா நீ மேல வந்திருக்க மாட்டியே."

அவள் கிரீடத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். அங்கியின் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"போய்ப் படு. கண்ண மூடிக்கோ."

"காப்பி ஆறிருக்குமே."

"ஆறுனதையே குடி. போப்பா."

ஹோகன் ஏறிப் போய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை முதல் படியிலேயே பாட்டு ஆரம்பித்தது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். அவர் எண்ணிக்கொண்டே கிடந்தார். அந்த வீட்டில் மொத்தமே பதினோரு படிதான். வாடகைக்கு எடுத்த எந்த வருஷமும் அது ஒரு குறையாக அவருக்குத் தெரிந்ததில்லை.

கதவு திறந்ததும் அவர் பழைய பன்றிக் குறட்டையை விட்டார். பாட்டு பாதியில் உடைந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க வேண்டும்போலத் தவித்தது. கண்ணைத் திறந்தால் இந்த லூசியா முடிந்துவிடும். அவர் திறக்கவில்லை.