பட்டாளத்துத் துணி

ஒரு நூல்கூடத் தர மாட்டேன் என்ற முடிவோடுதான் அந்தக் கூட்டத்துக்கே போனேன். தராதவள் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்றால், இருந்திருக்கலாம்தான். ஆனால் நான் வராததற்கு அவர்களாகவே ஒரு காரணத்தைக் கட்டி ஊர் முழுக்கச் சொல்வார்கள். அதற்கு என் வாயாலேயே சொல்லிவிட்டு வருவது மேல் என்று தோன்றியது.

2009 ஜூன். இலங்கையில் சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். சனங்கள் முள்வேலிக்குள் அடைந்து கிடக்கிற படம் தினமும் பேப்பரில் வந்தது. டெல்லியோ அந்த நாட்டு அரசாங்கத்துக்கே கோடிக்கணக்கில் உதவி செய்யப்போவதாக அறிவித்திருந்தது. திருப்பூரில் டீக்கடை, பஸ், தையல் யூனிட் என்று எங்கே பார்த்தாலும் இதே சண்டை. கொடுக்கலாமா, கூடாதா, கொடுத்தால் யார் கையில் கொடுப்பது? கடைசியில் காதர்பேட்டை வியாபாரிகளும் யூனிட்காரர்களும் சேர்ந்து, நாமே துணி திரட்டித் தூத்துக்குடி வழியாக அனுப்புவோம் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

முன்னால் நின்று நடத்தியவர் சகாயராஜ். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து, தையல் கான்ட்ராக்ட் எடுத்து முன்னுக்கு வந்தவர். இலங்கைப் பக்கத்துப் பாதிரியார்கள் மூலம் முகாமுக்குள் துணி போய்ச் சேர ஏற்பாடு செய்திருந்தார். நல்ல மனிதர். அதனாலேயே எனக்கு அவர்மேல் எரிச்சல் அதிகம்.

என் எரிச்சலுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரர் செந்தில்வேல், தறிச் சத்தமே ஆகாது என்று சோமனூரிலிருந்து பட்டாளத்துக்கு ஓடியவர். 1987இல் அமைதி காக்கும் படை என்று பெயர் வைத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். கார்த்திகை மாதம் ஒரு இரும்புப் பெட்டியும் கொஞ்சம் சாம்பலும் வீட்டுக்கு வந்தன. அதற்கப்புறம் நம் பட்டாளம் மொத்தமும் அங்கிருந்து கிளம்பி வந்தபோது, வரவேற்கக்கூட இங்கே பெரிய மனிதர்களுக்கு மனசு வரவில்லை. செத்தவர்களும் தப்பு, பிழைத்து வந்தவர்களும் தப்பு என்று ஆகிவிட்டது. நான் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஆறு மெஷின் போட்டுக் குழந்தைப் பனியன் தைத்துப் பிழைத்தேன். அந்த நாட்டின் பேரை யாராவது எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மண்டபத்தில் எள் விழ இடமில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"டெல்லி குடுக்கற காசு அங்க அரிசியாப் போகாதுங்க. முள்கம்பியாத்தான் போகும்," என்றார் ஒரு நூல் கமிஷன்காரர்.

"அப்ப நாம அனுப்பற துணி மட்டும் ஒழுங்காப் போயிருமாக்கும்? அதையும் அந்த நாட்டுப் பட்டாளத்துக்காரன் பிடுங்கி வித்துப்போடுவான்," என்று பக்கத்தில் இருந்தவர் பாய்ந்தார்.

"விக்கட்டுங்க. பத்துல ரெண்டு சனங்களுக்குப் போனாப் போதும்."

"ரெண்டு போறதுக்காக எட்டை அவனுக்குத் தூக்கிக் குடுக்கறதா? நல்ல கணக்குங்க உங்க கணக்கு!"

சகாயராஜ் கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரையும் உட்கார வைத்தார். அரசாங்கத்தைப் பிறகு திட்டிக்கொள்ளலாம், நாளைக் காலையில் லாரி கிளம்புகிறது, யார் என்ன தருகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தது.

"ஒரு நூல்கூடத் தர மாட்டனுங்க," என்றேன். "நானு ஒரு ஆளையே குடுத்தவ. அதுக்கு அந்தக் கரையில இருந்தும் ஒரு வார்த்தை வரலீங்க, இந்தக் கரையில இருந்தும் வரலீங்க."

பின்வரிசையிலிருந்து மாரிச்செல்வம் எழுந்தான். தென்காசிப் பக்கத்துப் பையன், ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், எந்தக் கூட்டமானாலும் கறுப்புச் சட்டையோடு வருகிறவன்.

"உங்க வீட்டுக்காரர அங்க யாருக்கா கூப்பிட்டா? காப்பாத்தப் போறோம்னு போயி, அந்தச் சனத்தையே சுட்டுட்டு வந்த பட்டாளம்தான அது? அதுக்கு மாலை மரியாத வேற கேக்குதாக்கும்!"

நாலு பேர் கை தட்டினார்கள். அவன் பேசியதைவிட அந்தக் கைதட்டல்தான் என்னைச் சுட்டது. தட்டியவர்களில் ஒருவர் வாரா வாரம் என்னிடம் சரக்கு எடுக்கிறவர்.

"அவரு ஆசைப்பட்டுப் போகல தம்பி. போன்னு சொன்னாங்க, போனாரு," என்றேன். குரல் நடுங்கியது. அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆத்திரம்.

இந்த நேரம் பார்த்து லிங்கசாமி எழுந்தார். பெரிய எக்ஸ்போர்ட்டர். மண்டபத்து வாடகையே அவர் கொடுத்ததுதான். "பாவம், பொம்பளையப் போட்டு என்னத்துக்குங்க பேசிக்கிட்டு," என்று எனக்குப் பரிந்து பேசுகிற மாதிரி ஆரம்பித்து, தன் பங்காக ஐந்து பண்டல் தருவதாக அறிவித்தார். அத்தனையும் புது டி-சர்ட். சின்னப் பசங்களிலிருந்து பெரியவர்கள் வரை எல்லா சைஸும் உண்டு. அமெரிக்கக்காரன் கேன்சல் செய்த சரக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் வியாபாரம் படுத்துக்கிடந்த அந்த வருஷம் யார் குடோனில் கேன்சல் சரக்கு இல்லை? மாதிரிக்கு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து உயரப் பிடித்தார். மண்டபமே கை தட்டியது.

நான் அதைப் பார்த்தேன். பச்சை, காக்கி, கறுப்பு என்று திட்டுத் திட்டாகப் பிரிண்ட். பட்டாளத்துத் துணி.

வேறு யாருக்காவது உறைக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் துணியின் கனத்தைத்தான் மெச்சிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் அப்படி. எங்களுக்குத் துணி என்றால் எடை, சைஸ், கலர், அவ்வளவுதான். மண்டையோடு போட்டாலும் ரோஜாப்பூ போட்டாலும் அது வெறும் பிரிண்ட். போடுகிறவன் யார், எங்கே நின்று போடுகிறான் என்பதெல்லாம் கடல் தாண்டி இருந்து சரக்கு வாங்குகிற பையர் கவலை. இத்தனை வருஷமாக அப்படியே பழகிவிட்டோம்.

"அதை அனுப்பாதீங்க," என்றேன்.

கூட்டம் என்மேல் பாய்ந்தது. "தானும் குடுக்க மாட்டாங்களாம், குடுக்கறவங்களையும் தடுப்பாங்களாம்!" "வயித்தெரிச்சலுங்க, வேற என்ன!" "இந்தம்மாவ மொதல்ல வெளிய அனுப்புங்க!"

லிங்கசாமி சிரித்தார். "அம்மணி, இது ஃபேஷன். அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துப் பசங்க போடறது."

"அமெரிக்காவுல போடட்டுங்க," என்று நான் எழுந்து நின்றேன். "முகாம்ல வயசுப் பசங்களை வரிசையில நிக்க வெச்சு, சந்தேகப்பட்டவனையெல்லாம் தனியாப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறாங்கன்னு தினமும் பேப்பர்ல படிக்கறீங்களே. அந்த வரிசையில ஒருத்தன் இந்தச் சட்டையோட நின்னா என்ன ஆகும்? காட்டுக்குள்ள இருந்து சண்டை போட்டவன்னு அவன் நெத்தியில நாமளே எழுதி அனுப்பற மாதிரி ஆகாதுங்களா?"

சத்தம் அடங்கியது. சகாயராஜ் லிங்கசாமியின் கையிலிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற பார்வை.

ஆனால் லிங்கசாமி ஊர் முன்னால் கைதட்டல் வாங்கியவர். அதை ஒரு பொம்பளையின் பேச்சுக்கு விட்டுக்கொடுப்பாரா?

"சரிங்க. என்னோடது வேண்டாம். லாரியில அஞ்சு பண்டல் எடம் சும்மா கெடக்கும். அம்மணியே ரொப்பட்டும்," என்றார். "ஒரு நூல்கூடத் தராதவங்க எதை வெச்சு ரொப்புவாங்கன்னு நானும் பாக்கறேன்."

மறுபடியும் சிரிப்பு. சகாயராஜ் என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நீங்க சொல்லுறது நியாயந்தான். ஆனா அங்க பிள்ளைகளுக்கு மாத்துத்துணி இல்ல. சின்ன சைஸ் மட்டுமாவது இதுல இருந்து எடுத்துக்கிருவோமா? பச்சப் பிள்ளைகள யாரு சந்தேகப்படப் போறா?"

எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதரே இப்படிக் கேட்டால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இடம் காலியாக இருந்தால் முதலில் சின்ன சைஸ் ஏறும். விடிவதற்குள், இருக்கட்டும் பரவாயில்லை என்று பெரிய சைஸும் ஏறிவிடும். இவர்களைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. அது நான் வாழ்நாளில் செய்ய மாட்டேன் என்று சபதம் எடுத்த காரியம்.

என் யூனிட்டில் ஐந்து பண்டல் வெள்ளைக் குழந்தைப் பனியன் கட்டித் தயாராக இருந்தது. ஆடித் தள்ளுபடிக்கு ஈரோட்டுக் கடைக்காரர் ஒருவர் கேட்டது. அந்த வருஷம் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய ஆர்டர். சொன்னபடி அவருக்கு இதைக் கொடுக்காவிட்டால் இனி என் வாசல் பக்கம் திரும்பமாட்டார்.

"நானு ரொப்பறனுங்க," என்றேன்.

யாரும் கை தட்டவில்லை. லிங்கசாமி சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரக்கத்தில் கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். எனக்கு அந்த நாட்டின்மேல் இரக்கமில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்து லிங்கசாமியைத் திட்டினேன், சகாயராஜைத் திட்டினேன், யாழ்ப்பாணத்துக்குப் போன என் வீட்டுக்காரரையும் திட்டினேன். ஆனால் கண்ணை மூடினால் ஒரு வரிசை தெரிந்தது. அதில் நிற்கிற பையனுக்கு, கல்யாணமான புதிதில் இவருக்கு இருந்த மாதிரி அரும்பு மீசை. அவன் என்னவாக இருந்தாலும் எங்கள் ஊர்த் துணியால் அவன் சாகக்கூடாது.

காலையில் லாரி வந்தது. சகாயராஜ் வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, பண்டல் ஏற்ற அனுப்பியது மாரிச்செல்வத்தை. கறுப்புச் சட்டையோடு வாசலில் நின்றான்.

"நேத்துப் பேசுனதுல எனக்கு ஒண்ணும் மாத்தமில்லக்கா," என்றான்.

"எனக்கும் இல்ல. தூக்கு."

தூக்கினான். நாலு பண்டலை லாரியில் போட்டுவிட்டு வந்து, பாக்கெட்டிலிருந்து மார்க்கர் எடுத்தான். மற்ற பண்டல்களில் எல்லாம் கொடுத்தவர்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"என்ன பேரு எழுதட்டும்? உங்க பேரா?" கொஞ்சம் தயங்கினான். "இல்ல, அவர் பேரா?"

நான் ஐந்தாவது பண்டலின் கட்டை இழுத்து இறுக்கினேன்.

"அவரு பேரை ஒருக்கா அங்க அனுப்பிப் பாத்தாச்சு," என்றேன். "திரும்பி வந்தது பெட்டிதான். பேரெல்லாம் வேண்டாம். சைஸை மட்டும் எழுது."

எழுதினான். ஐந்தாவது பண்டல் கனம் அதிகம். பெரிய சைஸ் எல்லாம் அதில்தான் இருந்தது. அவன் ஒற்றை ஆளாகப் புரட்டிக்கொண்டு நின்றான். நான் போய் இன்னொரு முனையைப் பிடித்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.