மூன்றாவது மாடி வெயில்

ஓரகத்தி வீட்டுத் துண்டு காய்ந்தால் ஒருத்திக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். இளையவளுக்குப் பத்து மாதமாக எரிந்துகொண்டிருந்தது.

அண்ணனும் தம்பியும் ஒரே கட்டடத்தில், மூன்றாவது மாடியில், எதிரெதிராக இரண்டு வீடுகளை வாடகைக்குப் பிடித்தார்கள். அண்ணன் மனைவி மூத்தவள் முதலில் வந்து பார்த்தாள்; தெருவைப் பார்த்த வீட்டை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பால்கனி உண்டு, பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வெயில் உண்டு. இளையவளுக்குக் கிடைத்தது பின்வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கதவின்மேல் சட்டை, நாற்காலிமேல் போர்வை, குளியலறைக் கம்பியில் மற்றதெல்லாம். புருஷன் வீட்டுக்குள் குனிந்துதான் நடமாடுவான். மூன்று நாள் தொங்கியும் துணி காயாது. காய்ந்தாலும் ஈர வாடை போகாது.

மூத்தவளோ தினமும் மொறுமொறுவென்ற சட்டையில் லிஃப்ட் வாசலில் வந்து நிற்பாள். இளையவள் தெருவில் வரும்போது அந்தப் பால்கனியை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பார்த்தால் இன்னும் எரியும் என்று பயம்.

"வெயிலைக்கூட உங்க அண்ணியே பாகம் பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க" என்பாள் புருஷனிடம்.

"ரெண்டு துணி போட இடம் கேளேன். வேண்டாம்னா சொல்லப்போறாங்க?"

"நான் போய்க் கேக்கறதா? அதுக்கு ஈரத்தோடயே வேலைக்குப் போவேன்."

அப்படியே போனாள். அதில்தான் வந்தது வினை. அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி படுத்திருப்பவரின் முகத்தருகே குனிந்து நிற்கிற வேலை. பயிற்சிக் காலம் முடிகிற சமயம். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா தனியே கூப்பிட்டார்.

"வேலையில குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. ஆனா உங்க கோட்டுல வாடை அடிக்குது. ரெண்டு பேர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. உங்களை நிரந்தரமாக்கறதா வேண்டாமான்னு திங்கட்கிழமை முடிவெடுக்கணும். பாத்துக்குங்க."

அவமானத்தில் காது சுட்டது. ஆனால் கோபம் டாக்டரம்மாமேல் வரவில்லை. நேராக மூத்தவளின் பால்கனிக்குப் போய் நின்றது.

சனிக்கிழமை காலை மூத்தவளே வந்து கதவைத் தட்டினாள். "நாங்க வெளியூர் போறோம், நாளைக்கு வந்துடுவோம். சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது, ஆள் வருவார். கொஞ்சம் திறந்து விடறியா?"

சாவி கைக்கு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதுதான்.

குழாய்க்காரர் வந்தார், பழுது பார்த்தார், போனார். இளையவள் பால்கனிக் கதவைத் திறந்தாள். வெயில் கொட்டிக் கிடந்தது. ஆனால் ஒரு கொடி இல்லை, ஒரு கிளிப் இல்லை. நான் துணி போட்டுவிடுவேன் என்று கயிற்றைக்கூட அவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே மகராசி, என்று பொருமினாள். பொறாமைக்காரிக்குக் காரணம் கண்டுபிடிக்கவா தெரியாது?

துவைத்த கோட்டைக் கொண்டுவந்து கைப்பிடிக் கம்பியில் போட்டாள். ஆசை யாரை விட்டது? போர்வைகள் இரண்டு, புருஷனின் பனியன்கள் ஆறு, எல்லாம் வந்து சேர்ந்தன. மூன்று மணிக்குக் கோட்டை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்தாள். வாடை போன இடம் தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை வேலை நிரந்தரமானது. அன்று சாயங்காலம் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு மாடியேறினால், மூத்தவளின் வாசலில் கட்டட மேனேஜர் கைபேசியில் ஒரு படத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"முன்பக்க பால்கனியில துணி காயப்போடக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கில்ல? இத்தனை மாசம் ஒழுங்கா இருந்தீங்க. சனிக்கிழமை பாருங்க, கடையே விரிச்சு வெச்சிருக்கீங்க. இன்னொரு தடவை நடந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

பின்வீட்டு ஒப்பந்தத்தில் அந்த வரியே கிடையாது. பால்கனி இருந்தால்தானே அதற்கு விதி? இளையவள் படியிலேயே நின்றுவிட்டாள். மூத்தவள் படத்திலிருந்த கோட்டைப் பார்த்தாள், நிமிர்ந்து இளையவளைப் பார்த்தாள்.

"எங்க துணிதாங்க. தப்பு நடந்துபோச்சு."

"நீங்க ஆபீசுக்குத்தானே போறீங்க? வெள்ளைக் கோட்டு எதுக்கு?"

"எனக்குக் குளிர் தாங்காதுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்.

"உள்ள வா" என்று மூத்தவள் படுக்கையறைக்கு அழைத்துப் போனாள். இளையவள் அந்த வீட்டில் கூடத்தைத் தாண்டியதில்லை. அங்கே சுவருக்குச் சுவர் கொடி கட்டியிருந்தது. துணிக்குத் துணி இரண்டு விரல் இடைவெளி. தரையில் ஒரு மேசை விசிறி மேல்நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.

"துவைச்சதும் காய்ஞ்ச துண்டுல வெச்சுச் சுருட்டி, ஏறி மிதிக்கணும். பாதித் தண்ணியத் துண்டே குடிச்சிடும். அப்புறம் இப்படித் தொங்கவிடு. விடிகாலையில எழுந்து ஒரு தடவை திருப்பிப் போட்டா, கிளம்பறதுக்குள்ள காய்ஞ்சிடும். ஏண்டி, எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

இளையவள் கொடியையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்தாள். வெயிலைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுலபம். அது அதிர்ஷ்டம், உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டலாம். இது உழைப்பு. அதோடு நின்றதா? திருட்டுத்தனமாகத் துணி போட்டவளின் பழியையும் அவளே தலையில் போட்டுக்கொண்டாள், ஒரு கடுஞ்சொல் இல்லாமல். முன்வீடும் அவளுக்கு, மொறுமொறுச் சட்டையும் அவளுக்கு, இப்போது நல்லவள் என்ற பெயரும் அவளுக்கேவா? வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"இருங்கக்கா, வந்துடறேன்" என்று தடதடவென்று மூன்று மாடியும் இறங்கினாள். மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்து, பையிலிருந்த கோட்டை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"சனிக்கிழமை துணி போட்டது நான். எச்சரிக்கையை எங்க வீட்டுப் பேர்ல எழுதுங்க."

"அந்தம்மா தன்னோடதுன்னு சொன்னாங்களே?"

"அவங்க எப்பவும் அப்படித்தான், எதுலயும் முந்திக்குவாங்க. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதுங்க."