தகவலுக்கு மட்டும்

மருந்துக்கடைக்காரி அந்தத் தீர்மானக் காகிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தாள். எத்தனை முறை படித்தாலும் அதே வரிதான். "மக்கள் பங்கேற்புக் குழுவுடன் கலந்தாலோசிக்கப்பட்டது. ஆட்சேபம் எதுவும் எழவில்லை." கலந்தாலோசித்தார்களாம்! யாரோடு? அந்தக் குழுவின் தலைவியே அவள்தானே.

மதியம் மூன்று மணி நகர்மன்றக் கூட்டம். பின்வரிசையில் அவளும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு ஏழாவதாக எடுக்கப்போகும் தீர்மானம், ஆஸ்பத்திரியின் பக்கவாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தைத் தூக்கி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைப்பது. பக்கவாசலுக்கு எதிரே வரப்போகிற வணிக வளாகத்துக்குக் கார்கள் திரும்ப இடம் வேண்டுமாம். கார் திரும்பலாம், மனுஷன் திரும்பிவர வேண்டாம், அப்படித்தானே?

நாத்தனாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு எழுந்தால், பக்கவாசல் வரைக்குமே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். நிறுத்தம் போய்விட்டால் ரோட்டைத் தாண்ட நடைமேம்பாலம் ஒன்றுதான் வழி. அதற்கு லிஃப்ட் கிடையாது.

இந்தக் குழு பிறந்த கதையையும் சொல்லியாக வேண்டும். மக்கள் குரல் மன்றத்துக்குக் கேட்க வேண்டும் என்று ஒன்பது பேரைப் பொறுக்கியெடுத்து, மாலை போடாத குறையாக நியமித்தார்கள். சம்பளம் இல்லை, அறை இல்லை. நூலகத்தில் சிறுவர் பகுதி மூடியபிறகு, முழங்கால் உயர நாற்காலிகளில் உட்கார்ந்து கூட்டம் போடுவார்கள். நாலு பேர் விலகிப் போனார்கள். அந்த இடங்களை நிரப்புங்கள் என்று மருந்துக்கடைக்காரி மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்காவது பதில்? மூச்! ஒப்புக்குச் சப்பாணி என்பதை நாசூக்காகச் சொல்ல வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அவள் விதிப்புத்தகத்தை விட்டதில்லை. மாத்திரைச் சீட்டில் ஒரு எழுத்து மாறினால் ஓர் உயிர் போய்விடும் என்று இருபது வருஷம் கடை நடத்தியவள். கூட்டத்தையும் அப்படியே நடத்தினாள். அந்தக் கறார்தான் இப்போது அவள் கழுத்துக்கு வந்து நின்றது.

இரண்டு மாதத்துக்கு முன் போக்குவரத்து அதிகாரி குழுவின் கூட்டத்துக்கு வந்தார். நிறுத்தத்தை மாற்றுவது பற்றிப் பத்து நிமிஷம் படம் காட்டினார். நிரலில் அந்த விஷயத்துக்கு நேரே "தகவலுக்கு மட்டும்" என்று இருந்தது. தகவலுக்கு மட்டும் என்றால் யாரும் கருத்துச் சொல்லக்கூடாது, சொன்னாலும் குறிப்பில் ஏறாது. விதி. அன்றைக்குப் பார்த்து நாத்தனார் வந்திருந்தாள். முகம் வெளிறி, மூச்சு வாங்க, கையைத் தூக்கி எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. இன்னைக்கு இது தகவலுக்கு மட்டும்தான். கருத்தெல்லாம் அடுத்த கூட்டத்துல," என்றாள் மருந்துக்கடைக்காரி. சொந்தக்காரி என்று சலுகை காட்டியதாகப் பேச்சு வந்துவிடக்கூடாதே! நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே இவள் குறிப்பை டைப் அடித்து நகர்மன்றத்துக்கு அனுப்பினாள். கருத்துகள் என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டாள்.

அந்த "இல்லை"யைத்தான் "ஆட்சேபம் இல்லை" என்று திரித்துவிட்டார்கள். படுபாவிகள்.

ஏழாவது தீர்மானம் வந்ததும் மருந்துக்கடைக்காரி விறுவிறுவென்று மைக்குக்குப் போனாள். "எங்ககிட்ட யாரும் ஆலோசனை கேக்கலை. படம் காட்டிட்டுப் போனாங்க, அவ்ளோதான்."

மன்றத் தலைவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சிரித்தார். "குறிப்பு நீங்க எழுதினதுதானேம்மா? கருத்துகள் இல்லைன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? எழுதிக் குடுத்துட்டு இப்ப வந்து சண்டை போட்டா எப்படி?"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தலைவர் உயர்த்திக் காட்டிய தாளைப் பார்த்தாள். அவள் அடித்த தாள்தான். மேலே, அவள் வழக்கமாகப் போடும் சொல்லும் இருந்தது. வரைவு.

"ஐயா, அந்தத் தாள்ல மேல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் சத்தமா வாசிங்க."

தலைவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் வாசிக்கிறேன். வரைவு. அடுத்த கூட்டத்துல குழு ஒத்துக்கிட்டாத்தான் அது குறிப்பு, இல்லன்னா வெறும் தாள். அடுத்த கூட்டம் நடக்கவே இல்லை. ஏன் தெரியுமா? அஞ்சு பேர் இருந்தாத்தான் கூட்டம் செல்லும். இருக்கிறதே அஞ்சு பேர். அதுல போஸ்ட்மேன் ஐயாவுக்குக் கண்ணு ஆபரேஷன். நாலு பேர் வந்து உக்காந்துட்டுத் திரும்பிப் போனோம். காலி இடத்தை நிரப்புங்கன்னு மூணு கடுதாசி எழுதினேனே, எந்தக் குப்பைத் தொட்டியில கிடக்கு அது? எங்களைக் கூட்டம் நடத்தவும் விடலை, கலந்து பேசினோம்னு சாட்சிக்கு மட்டும் கூப்பிடுறீங்க. வெக்கமா இல்ல?"

தலைவர் சட்ட அதிகாரியைப் பார்த்தார். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஏழாவது தீர்மானம் ஒத்திவைக்கப்படுது. அடுத்தது எட்டு."

அதற்குள் நாத்தனார் பேச அனுமதி கேட்கும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து, வரிசை வரிசையாக நாற்காலி முதுகைப் பிடித்தபடி மைக்குக்கு வந்துவிட்டிருந்தாள்.

"ஒத்திவச்ச விஷயத்துல பேச அனுமதி கிடையாதும்மா. விதி இருக்கு. போய் உக்காருங்க," என்றார் தலைவர்.

நாத்தனார் பழக்கதோஷத்தில் திரும்பினாள். மருந்துக்கடைக்காரி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"உக்காராத. பேசு."

"விதின்னு சொல்றாங்களே அண்ணி."

"விதி எனக்குத் தெரியும். நீ பேசு."

மைக்கில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. எவனோ சுவிட்சைத் தட்டிவிட்டான். நாத்தனார் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, வெறும் தொண்டையில் ஆரம்பித்தாள்.

"அந்தப் பாலத்துக்கு எழுபத்திரண்டு படி. நிறுத்தத்தை மாத்தப்போறாங்கன்னு கேள்விப்பட்டு, டயாலிசிஸ் முடிச்ச கையோட நான் ஒருநாள் ஏறிப் பார்த்தேன். முப்பதாவது படியில உக்காந்துட்டேன். ஒரு மணி நேரம். எல்லாரும் தாண்டிப் போனாங்க." அண்ணியின் பக்கம் திரும்பினாள். "அதைச் சொல்லத்தான் அன்னைக்கு நூலகத்துக்கு வந்தேன் அண்ணி. பாலத்துல இருந்து நேரா."

யார்மீது கோபப்படுவது என்று மருந்துக்கடைக்காரி இப்போது தேட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு உட்காரச் சொன்னவள் அவள்தானே. தலைவர் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் பையிலிருந்து குழுவின் நோட்டை எடுத்துத் திறந்தாள். கருத்துகள் என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

"எத்தனை படின்னு சொன்ன?" என்று கேட்டாள். "மறுபடி சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."