பச்சை விரிப்பு

பள்ளி மைதானத்தில், ஓடாத பழைய பேருந்தின் நிழலில் மல்லாந்து படுத்திருந்தவளின் நெற்றியில் பூசிய சிவப்புச் சர்க்கரைப் பாகை ஓர் எறும்பு கண்டுபிடித்துவிட்டது. விபத்தில் அடிபட்டவள் எறும்பைத் தட்டிவிடலாமா கூடாதா? கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "இடது மணிக்கட்டு முறிவு. நடக்க முடியும். பயத்தில் சத்தம் போடுவார்." எறும்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

"ஏம்மா, நெளியாம கிட. பார்க்கிறவங்க சிரிக்கப் போறாங்க" என்றாள் நாலடி தள்ளிக் கிடந்த நாத்தனார், கண்ணைத் திறக்காமலே.

"நீங்க மயக்கத்துல இருக்கீங்க அண்ணி. பேசக் கூடாது."

"இன்னும் விசில் அடிக்கலையே!"

மகள் இந்த வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துப் பள்ளியிலேயே பயிற்சி. அவள் எடுத்தது ஆம்புலன்ஸ். கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறுகிற பிள்ளை! விஷயம் தெரிந்த அன்று நாத்தனார் வீடு அதிரச் சிரித்தாள். "ரத்தத்தைப் பார்த்தா இவளுக்கே ஒரு ஆம்புலன்ஸ் வேணும். ஒழுங்கா கணக்குப் பதிவியல்ல சேர்த்து விடு." கணவர் வழக்கம்போல அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கடையில் நாள் முழுக்கத் திரைச்சீலை தைத்துவிட்டு வந்த அலுப்பில் இவள்தான் பொறுக்காமல் சொன்னாள்: "என் பொண்ணு செய்வா அண்ணி. செய்யலைன்னா அடுத்த வருஷம் நீங்க சொல்ற வகுப்புக்கே அனுப்புறேன்." வாய் விட்டு வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமா? இருபது பிள்ளைகளில் இன்று தேறுகிற ஆறு பேர்தான் அடுத்த பருவம் நிஜ ஆம்புலன்சில் ஏறுவார்கள். மற்றவர்களுக்கு வேறு பாடம்.

ஒவ்வொரு பிள்ளையின் தேர்வுக்கும் எட்டு 'காயக்காரர்கள்', அடிபட்டவர்களாக நடிக்க. அதில் இருவர் அந்தப் பிள்ளையின் வீட்டு ஆட்களாக இருக்க வேண்டும் என்று ஆசிரியை விதி போட்டிருந்தார். இருபது வருடம் ஆம்புலன்சில் போய் வந்தவர், கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் பிள்ளைகளுக்கு விசில் மேடம். தேர்வில் என்ன கேட்பார்கள் என்று மகளிடம் இவள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். "அது ஏமாத்துறதும்மா" என்று முடித்துவிட்டாள் மகள்.

சொல்லாவிட்டால் என்ன, தாய்க்குத் தெரியாதா? நேற்றிரவே முடிவு செய்துவிட்டாள். எல்லோரையும் விடப் பலமாக அலற வேண்டும். மகள் ஓடி வருவாள், எட்டு மாதமாகத் தலையணைக்கும் அப்பாவின் காலுக்கும் போட்டுப் பழகிய மாதிரியே அழகாகக் கட்டுப் போடுவாள், மதிப்பெண் தானாக விழும்.

விசில் ஒலித்தது. எட்டுப் பேரையும் பார்த்து முடிக்க ஐந்து நிமிடம்.

"நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் எந்திரிச்சு அந்தப் பச்சை விரிப்புக்குப் போங்க!"

வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட முனகுகிற பெண்ணுக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? இரண்டு பேர் நொண்டிக்கொண்டு எழுந்து போனார்கள். இவள் எழவில்லை. இவளும் போய்விட்டால் பிள்ளை யாருக்குக் கட்டுப் போடுவாள்? மூச்சை இழுத்துக்கொண்டு அலறினாள். "ஐயோ! கை போச்சே! யாராவது வாங்களேன்!" பேருந்தின் கூரையிலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

மகள் வந்தாள். நீலக் கையுறை, இடுப்பில் யாரை முதலில் கவனிக்க வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று காட்டும் நாலு நிறச் சீட்டுகள். குனிந்து முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மணிக்கட்டில் பச்சைச் சீட்டை மாட்டினாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டாள். கட்டு எங்கே? இவள் பதறிப்போய் மகளின் கையை எட்டிப் பிடித்தாள்.

"போகாதடி! என்னைப் பாருடி!"

அது நடிப்பா நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை. மகளின் முகத்தில் ஒரு நொடி என்னவோ ஓடியது. முதல் நாள் பள்ளி வாசலில் விட்டபோது இருந்த அதே முகம். பிறகு அது அடங்கியது. தாயின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தாள்.

"நீங்க நல்லா பேசுறீங்க, மூச்சு நல்லா இருக்கு. மெதுவா எந்திரிச்சு அந்த விரிப்புக்குப் போங்கம்மா. அங்க ஒருத்தங்க சத்தமே போடாம கிடக்கிறாங்க."

அவள் மண்டியிட்டது நாத்தனாரிடம். மற்றவர்களை விட்டுவிட்டு அத்தையிடமா! சுருக்கென்றது இவளுக்கு. ஆனால் மகள் அந்தக் கனத்த தலையை இரு கையாலும் ஏந்தி, நெற்றியை மெல்லப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, வாயருகே காதை வைத்தாள். 'தலையைச் சாய்த்தால்தான் மூச்சு வரும்' என்று தன் அட்டையில் போட்டிருந்தபடி நாத்தனார் அப்போதுதான் மூச்சு விட்டாள், 'புஸ்' என்று. சிவப்புச் சீட்டு, முதலில் தூக்க வேண்டியவர். மகள் அடுத்தவரிடம் ஓடினாள்.

எழுந்து போய்ப் பச்சை விரிப்பில் உட்கார்ந்த பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்தது. கூடவே பயமும். ஓடி வந்தவளைப் பிடித்து வைத்துக்கொண்டோமே! கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பிள்ளையின் தலையிலேயே மண்ணைப் போட்டுவிட்டோமா? ஸ்டாப்வாட்சோடு அந்தப் பக்கம் வந்த விசில் மேடத்தின் முந்தானையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"மேடம், என்னால அவளுக்கு நேரம் போயிடுச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். தப்பு என்னோடதுதான், அவ மேல போட்றாதீங்க."

மேடம் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு செகண்ட்" என்றார். "நான் மொத மொத வேலைக்குப் போனப்போ சத்தம் போட்ட ஆளை விட்டு நகர எனக்கு நாலு நிமிஷம் ஆச்சு." நடந்துவிட்டார்.

நாலு நொடி. இவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது பாகு வழிந்ததால் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கேட்க ஆளில்லை. விரிப்பில் பக்கத்திலிருந்த, நொண்டிக்கொண்டு வந்தவர் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் நாத்தனாரைத் தூக்குப்படுக்கையில் ஏற்றித் தள்ளாடியபடி வந்தார்கள். மயங்கிய நோயாளி ஒரு கண்ணைத் திறந்து தூக்குகிறவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எப்படித் தலையைப் பிடிச்சா பார்த்தியா? பூ மாதிரி! என் தம்பி மகடா அவ!"

"பெத்தது நான்!" என்று பச்சை விரிப்பிலிருந்து ஒரு குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

பிள்ளைகள் சிரித்ததில் தூக்குப்படுக்கை ஆடியது. மகள் மட்டும் திரும்பவில்லை. பேருந்தின் பின்சக்கரத்தருகே, எட்டாவது ஆளின் பக்கத்தில் புழுதியில் மண்டியிட்டு, அவர் மார்பு ஏறி இறங்குவதை உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.