கன்னச் சிவப்பு

"ஏங்க, பாப்பா வெளுத்த மாதிரி இல்ல?"

"போட்டோவ பாரு, எப்படி செக்கச்செவேல்னு இருக்கா. உன் கண்ணுலதான் கோளாறு."

மகள் பிறந்த புதிதில் நடந்த பேச்சு. ரத்தப் பரிசோதனை முடிவுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தவளுக்கு அது நினைவு வந்தது. கணவன் ஸ்டுடியோக்காரன். கணினியில் எந்த முகம் வந்தாலும் கன்னத்தில் ஒரு சிட்டிகை சிவப்பு ஏற்றாமல் விடமாட்டான். பெற்ற பெண்ணுக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டுவானா?

ஒரு வயது முடிந்ததும் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் சோதித்தால் ரத்தம் பாதிகூட இல்லை. உடனே ரத்தம் ஏற்றினார்கள். "இந்த வெளுப்பு பிறந்ததுலேர்ந்தே இருக்கா, இப்ப வந்ததா?" என்று டாக்டரம்மா கேட்டபோது இவள் கைப்பேசியை நீட்டினாள். அதில் மகள் தக்காளியாய்ச் சிரித்தாள்.

"அப்ப இது புதுசாத்தான் வந்திருக்கு."

"இல்ல மேடம். அது எங்க வீட்டுக்காரர் கைவண்ணம்."

கடையைச் சாக்கு வைத்து ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டாதவன், டாக்டரம்மா கேட்டதால் அன்றுதான் மெருகேற்றாத படங்களை மடிக்கணினியில் தூக்கிக்கொண்டு வந்தான். திருதிருவென்று முழித்தான். முதல் படத்திலேயே குழந்தை வெள்ளைத் தாளாக இருந்தாள். டாக்டரம்மாவோ திரையை விட்டுவிட்டு அவன் கட்டைவிரலைப் பார்த்தார். மற்ற விரல்களைப் போல நீளமாக, ஒரு கணு கூடுதலாக. மகளுக்கும் அதேதான். 'அப்பாவ உரிச்சு வச்சிருக்கா' என்று எல்லோரும் கொஞ்சிய விரல்.

மரபணுச் சோதனையில் விடை கிடைத்தது. எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் போதுமான அளவு உண்டாக்காத, அபூர்வமான பரம்பரைச் சோகை. இதய ஓட்டையும் அதன் கூடப்பிறந்ததுதான். தகப்பனிடம் விரலோடு நின்றது, மகளிடம் முழுசாக இறங்கியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள்.

இன்று முடிவைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "மருந்து கேக்குதும்மா. ரத்தம் தானா ஊறுது. இனி தைரியமா ஓட்டையை அடைச்சிடலாம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மடியில் இருந்தவளின் உதட்டில் நிஜமான சிவப்பு.

"எல்லாம் என்கிட்டேர்ந்துதானே வந்துச்சு," என்றான், முடிவு கேட்க இன்று கூட வந்திருந்த அவன்.

"குறும்பும்தான் உங்ககிட்டேர்ந்து வந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரி, கடையத் திறக்கணும். நீ ஆட்டோ பிடிச்சு..."

இத்தனை மாதமும் தொண்டைவரை வந்து, விழுங்கி விழுங்கி வைத்திருந்ததை அவள் சொன்னாள்.

"போகாதீங்க. ஆபரேஷன் அன்னைக்கும் கடையச் சாத்திட்டு என் பக்கத்துல வந்து உக்காருங்க. தனியா உக்கார எனக்கு பயமா இருக்குங்க."