நோண்டி மாமாவின் மூன்று விரல்கள்

புருஷன் எப்போது வெளியே கிளம்புவான் என்று ஒருத்தி தினமும் காத்துக்கொண்டிருந்தால் அக்கம்பக்கம் என்ன பேசும்? படக்காரி அப்படித்தான் காத்திருந்தாள். அவர் செருப்பை மாட்டி, இடது கையைச் சுற்றியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டு, "வரேன்" என்று முனகிவிட்டு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி செய்யக் கிளம்பியதும், பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த அட்டைப் பையை வெளியே இழுப்பாள். உள்ளே கள்ளக் கடிதம் ஒன்றும் கிடையாது. வெட்டுப்பட்ட விரல்கள்தான் இருந்தன.

வரைந்த விரல்கள்தான், பயப்பட வேண்டாம். அவள் குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். கையில் இருந்தது 'நோண்டி மாமா' என்ற கதை. மாமாவுக்கு எதைப் பார்த்தாலும் விரலை விட்டு நோண்ட வேண்டும். ஓடுகிற ஃபேனில் நோண்டுவார், ஒரு விரல் போய்விடும். புல் வெட்டுகிற மெஷினில் நோண்டுவார், இன்னொன்று போய்விடும். தூங்குகிற முதலையின் மூக்கில் நோண்டுவார், அது தும்மிவிட்டு மூன்றாவதைக் கடித்துத் துப்பும். போன விரல்களோ சும்மா கிடக்காது. ஒன்று வீடு வீடாகக் காலிங் பெல்லை அழுத்திவிட்டு ஓடும். ஒன்று பென்சில் டப்பாவில் படுத்துக் குறட்டை விடும். ஒன்று யாரோ வைத்துவிட்டுப் போன டீ கிளாசில் நீச்சலடிக்கும். 'மாமா திருந்தினாரா? பக்கத்தைத் திருப்பு' என்று எழுத்து முடிந்துவிடும். கடைசிப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அங்கே படம் மட்டும்தான்.

கதை கைக்கு வந்த அன்று கணவருக்குப் படித்துக் காட்டினாள். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரத்தத்தைக் கொஞ்சம் தாராளமா ஊத்து. பசங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார்.

அடுத்த வாரம் நிஜமாகவே ஊற்றியது. அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் நின்றவர். பதினாறு வருஷமாக அங்கே எல்லாருக்கும் அவர் 'கட்டிங்'தான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வளைந்திருந்த ஒரே ஒரு தாளைச் சரிசெய்யப் போய், இடது கையில் நடுவில் இருந்த மூன்று விரலும் போய்விட்டன. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

"அந்த விரல் கதையைத் திருப்பிக் கொடுத்துட்டேங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். பொய். திருப்பிக் கொடுத்தால் அடுத்த வேலை யார் தருவார்கள்?

அன்றிலிருந்து மூன்று மாதம். வீட்டில் வாயைத் திறக்கவே யோசனையாகிவிட்டது. நம் பேச்சில் எங்கே பார்த்தாலும் கைதான். வேலை கைகூடுகிறது, காரியம் கைநழுவுகிறது, ஒன்றும் இல்லாவிட்டால் கையைப் பிசைகிறோம். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "நல்லவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். படக்காரிக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அவளைத் தின்றது இதெல்லாம் அல்ல, மகள் விஷயம். ஏழு வயது, வீட்டில் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அந்தக் கையை மகளுக்கு ஒரு தடவைகூடக் காட்டவில்லை. தூங்கும்போதும் துண்டு. "புள்ள பயந்துடும்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். துண்டுக்குள் என்ன இருக்கிறதோ என்று பிள்ளை அதைவிடப் பயந்துகொண்டிருந்தது. தெருவில் நடந்தால் சுற்றிக்கொண்டு வந்து அவருடைய வலது பக்கம் சேர்ந்துகொள்ளும். சிரிப்பு குறைந்து, கேள்வி குறைந்து, இப்போது அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் விருந்தாளிகள் போல இருந்தார்கள். இப்படியே போனால் இந்த இடைவெளி நிலைத்துவிடும் என்று படக்காரிக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில், அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பிறகு, எடிட்டர் அம்மாள் போன் செய்தாள்.

"போன்ல அனுப்பின படமெல்லாம் பிரமாதம். ரத்தத்தை மட்டும் ஜாம் கலருக்கு மாத்திடுங்க. அப்புறம் கடைசிப் பக்கத்துல மூணு விரலும் ஓடி வந்து ஒட்டிக்கிற மாதிரி போட்டுடுங்க."

"ஒட்டிக்கணுமா மேடம்?"

"பின்னே? பெத்தவங்க சண்டைக்கு வருவாங்கம்மா. கொஞ்சம் கோந்து, ஒரு சிரிப்பு, முடிஞ்சுது. திங்கட்கிழமை வேணும்."

"சரிங்க மேடம்."

மூன்று விரலையும் மாமாவின் நெற்றியில் ஒட்டச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு இருந்த அலுப்பில் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ரத்தத்தை ஜாம் கலருக்கு மாற்றி, படங்களைக் காயத் தரையில் பரப்பினாள். கண் எரிந்தது. முகம் கழுவலாம் என்று உள்ளே போனாள். குழாயைத் திறந்து இரண்டு கை தண்ணீர் அள்ளியிருப்பாள், கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. விக்கல் போல ஆரம்பித்து, மூச்சு வாங்கி, பிறகு கெக்கெக்கே என்று வெடித்தது. சுண்டெலி சிரித்தது. மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

ஈர முகத்தோடு ஓடி வந்தாள். பிள்ளை படங்களுக்கு நடுவே குப்புறப் படுத்திருந்தது.

"அம்மா, இந்த விரல் குறட்டை விடுது! நகத்தை வாய் மாதிரி திறந்துக்கிட்டு!" கீச்சென்று கத்தியது. "ஐயோ, இது டீ குடிக்குதும்மா!"

"அதைத் தொடாதே, ஈரம். குடு இங்கே."

"அம்மா, இதெல்லாம் அப்பா விரல்தானே?"

படக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இங்க பாரு, நகத்துல கறுப்புப் புள்ளி. சுத்தியல் பட்டுச்சே, அது. இது கோணல் விரல். இதுல மோதிரத் தழும்பு."

அவள் குனிந்து பார்த்தாள். அட பாவி மனுஷி! கல்யாணமான நாளிலிருந்து அவள் புத்தகங்களில் எல்லாருக்கும் அவருடைய இடது கைதான். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து மேஜைமேல் கையை வைப்பார். இவள் பார்த்து வரைவாள். ராஜாவுக்கு அந்தக் கை, பூதத்துக்கு அந்தக் கை, குரங்குக்குக்கூட முடி வைத்த அதே கை. இந்த மூன்று மாதம் மேஜைமேல் கை இல்லை. பார்க்காமலேயே வரைந்திருக்கிறாள். எந்த விரல் போனது என்று கதையில் எழுதியிருக்கவில்லை. ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று இவள் கையே தேர்ந்தெடுத்து, புள்ளி, கோணல், தழும்பு உட்பட எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறது. இவளுக்கு மட்டும் தெரியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை போலிருக்கிறது, அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். படங்களை வாரிச் சுருட்டலாமென்றால் வண்ணம் ஈரம். அதற்குள் சுண்டெலி மூன்று தாளையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

"அப்பா! உன் விரலெல்லாம் இங்கதான் இருக்கு!"

படக்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அவர் கதவருகே நின்றபடியே வலது கையால் தாள்களை வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"திருப்பிக் கொடுத்துட்டேன்னு சொன்னே."

"மன்னிச்சிடுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அச்சகத்துல கேட்டேன்" என்றார். "என் விரல் எங்க போச்சுன்னு. யாருக்கும் தெரியல. தரையில அவ்வளவு காகிதக் கழிவு. அன்னிக்குச் சாயங்காலம் கூட்டி அள்ளிட்டாங்களாம். அதோட சேர்ந்து போயிருக்கும்னாங்க." தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். "குப்பையில போச்சேன்னுதான் இருந்துச்சு எனக்கு. இத்தனை நாளும்."

"இல்லப்பா" என்றது சுண்டெலி. "ஒண்ணு பெல் அடிச்சிட்டு ஓடுது. ஒண்ணு தூங்குது. ஒண்ணு டீ கிளாசுல."

"அது கெட்ட பய, டீயை விட மாட்டான்" என்றார் அவர். "கோணல் இன்னும் கொஞ்சம் வரணும். இவ்வளவு நேரா இருக்காது."

படக்காரிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கடைசியில என்ன ஆகுது?" என்று பிள்ளை கேட்டது. "விரல் திரும்பி வந்துடுமா?"

இருவரும் படக்காரியைப் பார்த்தார்கள். கோந்து, ஒரு சிரிப்பு, திங்கட்கிழமை. சரிங்க மேடம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

"வந்து ஒட்டிக்கணும்னு எடிட்டர் சொல்றாங்க."

சுண்டெலி அப்பாவின் துண்டைப் பார்த்தது. "நிஜமா வந்துடுமாப்பா?"

"வராதும்மா" என்றார் அவர். முதல் தடவையாக அதைச் சொன்னார்.

சொல்லிவிட்டு, முடிச்சைப் பல்லால் இழுத்து, துண்டை அவிழ்த்தார். கையைத் தரையில், படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று இடத்தில் சிவந்த, பளபளத்த தோல். ஒரு பக்கம் கட்டை விரல், ஒரு பக்கம் சுண்டு விரல். படக்காரி பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு கையையே பார்த்தாள்.

சுண்டெலி முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தது. சுண்டு விரலை மெதுவாகப் பிடித்து ஆட்டியது.

"பரவாயில்லப்பா" என்றது, ரொம்பப் பொறுப்பாக. "மூக்கு நோண்ட இது போதும்."

அவர் சிரித்தார். பழையபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பிள்ளையும் அந்தக் கையை விடாமல் சிரித்தது. படக்காரி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று மாத அலுப்பும் மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது.

"பென்சிலை எடு" என்றார் அவர், எழுந்து மேஜைக்கு வந்து. "எழுத்து இல்லாத பக்கம் பாக்கி இருக்கில்ல?"

"எடிட்டர்கிட்ட என்னங்க சொல்றது?"

"விரல் வரலைன்னு சொல்லு."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையைத் தூக்கி, மிஞ்சிய சுண்டு விரலை மூக்கில் விட்டுக்கொண்டார். சுண்டெலி அவருடைய இடது பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டது.

"சீக்கிரம் வரைம்மா" என்றார். "தும்மல் வருது."