நாற்பத்தேழாம் அறைச் சேலை

மாரிசெல்வி மூன்றாவது தடவையாகத் தெருமுக்கு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஆமத்தூர் விலக்கில் பஸ் நின்று போனது. இறங்கியவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. காலில் செருப்பில்லை என்பதே தார்ரோடு சுட்ட பிறகுதான் தெரிந்தது.

வீட்டு முன்னால் போட்ட பந்தலில், ஐஸ் பெட்டிக்குள் மதினி கிடந்தாள். அண்ணன் புகழேந்தியின் மனைவி அழகுமீனா. ஆறு மாதம் படுக்கையில் கிடந்து, விடிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு, சாகிற வயதா? யார் மேல் என்று தெரியாத கோபம் மாரிசெல்விக்குக் காலையிலிருந்து குறையவே இல்லை.

"ஏத்தா, மணி ரெண்டாச்சு," என்றார் தாய்மாமா இருளாண்டி. "பொறந்த வீட்டுக் கோடி வருதா இல்லையா? அது வராம எப்படிக் குளிப்பாட்ட?"

"வருது மாமா. வந்துக்கிட்டே இருக்காக."

"இந்தா இருக்கு சிவகாசி. நடந்து வந்தாக்கூட இந்நேரம் வந்து சேந்திருக்கலாமே."

அவள் மறுபடி தெருவைப் பார்க்கப் போனாள். சிவகாசியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் அந்த வீட்டார், பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவரின் மகனைக் கட்டினாள் என்று அழகுமீனாவைப் பதினைந்து வருடத்துக்கு முன்பே தலைமுழுகிவிட்டார்கள். காலையில் தகவல் சொன்னதற்கு அவளுடைய அண்ணன் ராஜபாண்டியன் "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். செத்தவளைப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற புதுச் சேலை, அந்தக் கோடி, போர்த்தித்தான் அனுப்ப வேண்டும். நாமே கடையில் ஒன்றை வாங்கி வைத்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நாதியில்லாதவளுக்குச் செய்கிற காரியம் அது. மதினியை அப்படி அனுப்ப மாரிசெல்விக்கு மனசே இல்லை.

அதனால்தான் காலையில் மதினியின் போனை எடுத்து, 'ரூம் 47' என்ற வாட்ஸப் குரூப்பில் அழுதுகொண்டே பேசி அனுப்பினாள். "அக்கா, மதினி போயிட்டாக. அவுக வீட்டுல இருந்து சேலை வராது. நீங்க ஒரு சேலை கொண்டு வாங்க." வர்றோம் என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

அந்த ரூமை மாரிசெல்வி பார்த்ததில்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் அதற்குள் நடந்துவிடுவாள். பேக்கிங் வேலை முடிந்து வருகிற இவள் தலைக்கு எண்ணெய் வைத்தபடி மதினி அத்தனை கதை சொல்லியிருக்கிறாள். மதுரைப் பல்கலைக்கழக விடுதி. மூன்று கட்டில், நாலு பேர். முறைவைத்து ஒருத்தி தரையில் படுக்க வேண்டும். விடியுமுன்னே குழாயடியில் வாளிகள் வரிசை கட்டிவிடும். காதல் விஷயம் தெரிந்து வீட்டுக் கதவு அடைபட்ட பிறகு, ஒவ்வொரு லீவுக்கும் மதினி போனது திருநெல்வேலியில் ரூம் தோழி வேல்விழி வீட்டுக்கு. விசேஷத்துக்குக் கட்ட நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல சேலை. பச்சை, கடுகு மஞ்சள் கரை. யார் பெயரைப் போடுவது என்று தெரியாமல் சலவைக்காரர் ரூம் நம்பரையே குறி போட்டுவிட்டாராம்.

அதைக் கட்டிக்கொண்டுதான் மதினி அந்த ரூமிலிருந்து ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கிளம்பினாள். அதே ரூம் ஜெசிந்தாவுக்கு இன்டர்வியூ இருந்ததால் மறுநாளே துவைத்துத் திருப்பி அனுப்பினாள். "கல்யாணச் சேலையை ஒரே நாள்ல திருப்பிக் குடுத்த பொண்ணு நான் ஒருத்திதான் புள்ள," என்று சொல்லி, சிரிக்கிற சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவாள்.

கார் ஒன்று தெருவுக்குள் திரும்பியது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள்.

"வேல்விழி அக்கா?"

உயரமாக இருந்தவள் தலையசைத்து, மாரிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி ஜெசிந்தா; நாலாமவள் வெளிநாட்டில் இருந்தாள். இருவருக்கும் ஒப்பாரி வைக்கத் தெரியவில்லை. பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தபடி நின்றார்கள்.

இருளாண்டி தாம்பாளத்தை நீட்டினார். வேல்விழி பையிலிருந்து சேலையை எடுத்து வைத்தாள். பச்சை, கடுகு மஞ்சள் கரை.

மாரிசெல்விக்கு அது எந்தச் சேலை என்று தெரிந்துவிட்டது. சேலை என்றுதான் சொன்னாள். புதுசு என்று சொல்லவே இல்லை.

"என்னத்தா இது, கட்டுன சேலை?" இருளாண்டி மடிப்பைத் தடவிப் பார்த்தார். "இதையா கோடியாப் போடுறது? நீங்க யாரு, சிவகாசிக்காரகளா?"

"இல்லங்க. அவ கூட ஹாஸ்டல்ல இருந்தோம். ஒரே ரூம்," என்றாள் ஜெசிந்தா.

பந்தலில் சலசலப்பு எழுந்தது. வேல்விழியின் முகம் செத்துவிட்டது. "புதுசுதான் வேணும்னு எங்களுக்குத் தெரியாதுங்க. கடை எங்கன இருக்குன்னு சொல்லுங்க, இப்பமே வாங்கிட்டு வந்திருதோம்."

"வேண்டாங்கா." மாரிசெல்வி தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, சிவகாசில இருந்து யாரும் வரல. நாந்தான் பொய் சொன்னேன். வீட்ட விட்டு வெரட்டுனப்ப மதினிக்குச் சோறு போட்டது இவுக. கல்யாணத்துக்குச் சேலை கட்டி அனுப்புனதும் இவுக. பொறந்த வீடுன்னா வேற என்ன மாமா?"

காலையிலிருந்து தூணோடு தூணாக உட்கார்ந்திருந்த புகழேந்தி சேலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா வேலுத்தாய் எழுந்து வந்தாள். கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தச் சேலைக்குத்தான் நான் ஆரத்தி எடுத்தேன்," என்றாள். "நேரமாகுதுண்ணே. குளிப்பாட்டத் தண்ணி எடுக்கக் கிளம்பச் சொல்லுங்க."

பெண்கள் சுற்றிலும் துணியைப் பிடித்துக்கொள்ள, மதினியைக் குளிப்பாட்டினார்கள். பச்சைச் சேலையைப் போர்த்தியபோது முந்தானை ஓரத்தில் கறுப்பு மையில் 47 என்ற எண் மேலே வந்தது. பக்கத்து வீட்டு அம்மா அதை அசிங்கம் என்று நினைத்து உள்ளே மடித்துச் செருகினாள்.

மாரிசெல்வி அதை வெளியே எடுத்து, மதினியின் தோள்மேல் நீவி விட்டாள்.